வலப்பக்கக் கண்ணாடி

மூதூரில் சண்டை மூண்ட அன்று லோஞ்சுப் படகில் அங்கே போன யோகலிங்கம் திரும்பி வரவேயில்லை. ஏழு மாதங்களின் பின், அவருடைய மனைவி புஸ்பராணி பழைய காரை ஜெமீலின் கராஜுக்குக் கொண்டுவந்தாள்.

“வலப்பக்கக் கண்ணாடியின்ர மோட்டார் பிழை போல, தம்பி. எனக்கு ஏத்த மாதிரித் திருப்பி வைச்சாலும், விடியப் பாத்தா அவர் ஓடேக்க வைச்ச உயரத்துக்கு நிக்குது.”

ஜெமீல் கழற்றிப் பார்த்தான். மோட்டார் உப்புக்காற்றில் துருவேறி இறுகியிருந்தது. அதை வெளியே எடுத்துவிட்டு, கண்ணாடியை அவளுக்கு ஏற்றபடி கையால் இறுக்கிப் பொருத்தினான்.

“இனி அசைய ஏலாது, அக்கா.”

அவள் சாரதி ஆசனத்தில் ஏறி அமர்ந்தாள். இருவரும் பார்த்திருக்க, கண்ணாடி மெல்ல மேலே திரும்பி நின்றது.

புஸ்பராணி இறங்கி, காரைச் சுற்றிப்போய், இடப்பக்க ஆசனத்தில் அமர்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜெமீல் போய் வாசல் கேற்றை அகலத் திறந்துவிட்டான்.