நாலாவது கோழி

ஃபிரெஸ்னோ நகர நெடுஞ்சாலை ஓரம், வறுத்த கோழிக் கடை வாசலில், மண்டையைப் பிளக்கும் ஆகஸ்ட் வெயில். தலை முதல் கால் வரை கோழி வேஷம் போட்ட ஒரு ஆள் விளம்பரப் பலகையை ஆட்டி ஆட்டிக் கார்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். தொழிலாளர் துறை ஆய்வாளர் லொரைன் அவனிடம் போய்த் தன் அடையாள அட்டையைக் காட்டினாள். இறக்கைகள் வெடவெடத்தன.

"பயப்படாதீங்க தம்பி. மணிக்கு எவ்வளவு தர்றாங்க?"

"ஒண்ணும் தர்றதில்ல மேடம்," என்று அலகுக்குள்ளிருந்து குரல் வந்தது.

லொரைனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் கடையில் சட்டப்படி தர வேண்டிய கூலியில் பாதிதான் தருகிறார்கள் என்று புகார் வந்திருந்தது. இவனுக்கு அதுவும் இல்லை.

"சாப்பிட்டீங்களா?"

"காலையிலேருந்து இல்ல. ஆனா முதலாளி தங்கமான மனுஷன் மேடம். அவரப் பத்தித் தப்பா எதுவும் எழுதிடாதீங்க."

"எப்படி மிரட்டி வச்சிருக்கான் பாருங்க. அந்தக் கஞ்சப்பயல ஒரு மணி நேரம் இந்த வேஷத்துல நிக்க வச்சாத்தான் புத்தி வரும்."

கோழி பலகையை இன்னும் வேகமாக ஆட்டியது.

தன் தண்ணீர் பாட்டிலை அதன் இறக்கையில் திணித்துவிட்டு லொரைன் உள்ளே போனாள். கல்லாவில் ஒரு பெண் சூயிங்கம் மென்றுகொண்டிருந்தாள்.

"எங்கம்மா உன் முதலாளி?"

"இந்த வாரம் மட்டும் மூணு கோழி வேலைய விட்டுப் போயிடுச்சு மேடம். அவர் குடுக்கற காசுக்கு நாலாவது கோழி கிடைக்கல. அதான் காலையிலேருந்து அவரே நிக்கறார்."

லொரைன் திரும்பிப் பார்த்தாள். பலகை தரையில் கிடந்தது. தண்ணீர் பாட்டிலோடு கோழி சாலையைக் கடந்து ஓடிக்கொண்டிருந்தது.