கடைசி நாற்பது ஏடுகள்

காலையிலிருந்து தீபாவுக்கு அடிவயிறு பிடுங்கி எடுத்துக்கொண்டிருந்தது. இன்னும் நாற்பது ஓலை ஏடுகளைப் படம் எடுக்க வேண்டும்.

மூன்று வாரமாக அனகாபுத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி சேலையூருக்கு வருகிறாள். ஏடுகள் ஸ்ரீநிவாசராகவன் சார் வீட்டுப் பூஜை அறையைத் தாண்டக் கூடாது. அதனால் கேமரா, விளக்கு, லேப்டாப் எல்லாம் பெருமாள் படத்துக்கு எதிரே வந்து உட்கார்ந்துவிட்டன.

ஒரு கோயிலின் கதை அது. சாரின் முன்னோர் யாரோ எழுதியது. வேறு பிரதி கிடையாது. பூச்சி தின்றது போக மிச்சம் இருப்பதும் தொட்டால் உதிர்கிறது.

முதல் நாளே சார் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். அதைச் சொல்லும்போது தீபாவைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டார்.

"மாசத்துல அந்த மூணு நாள் மட்டும் வர வேண்டாம்மா. மீறினா வேலையை அதோட நிறுத்திடுவேன்."

தலையாட்டினாள். ஆட்டாமல் என்ன செய்வது?

இன்று அந்த மூன்றில் முதல் நாள். ஏடுகளைப் படமெடுக்கும் திட்டம் நாளையோடு முடிகிறது, கேமராவைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். வீட்டில் படுத்துக் கிடந்தால் இந்த நாற்பதும் பூச்சிக்குத்தான். குளித்து, பொட்டு வைத்து, ஒன்றும் தெரியாதவள் போல வந்துவிட்டாள். பெருமாள் படத்தை மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பயம்தான். யாரிடம் பயம் என்று யோசிக்கக்கூடத் தெம்பில்லை.

ஐந்தாவது ஏட்டைத் தூரிகையால் துடைக்கும்போது வலி தாங்காமல் சுவரில் சாய்ந்துவிட்டாள்.

கண்ணைத் திறந்தால் எதிரே லோகநாயகி மாமி. சாரின் மனைவி. ஒரு கையில் வெந்நீர், மறு கையில் மாத்திரை.

தெரிந்துவிட்டது. எல்லாம் போச்சு.

கூடத்தில் சார் பேப்பர் புரட்டும் சத்தம் கேட்டது. மாமி கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். வெந்நீரைத் தீபாவிடம் கொடுத்துவிட்டு, லேப்டாப் முன்னால் குனிந்து கண்ணைச் சுருக்கினாள். உதடுகள் அசைந்தன.

இந்தப் பழைய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் வீட்டில் யாரும் இல்லை என்றுதான் சார் சொல்லியிருந்தார்.

மாமி முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். எழுத்தைக் கொஞ்சம் பெரிசு பண்ணச் சொன்னாள். பிறகு கூடத்துக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

"அந்த மூணு நாள்தான்டி எனக்குச் சமையல் கிடையாது. இவர் ஆபீஸ் கிளம்பினதும் இந்த ஏட்டையெல்லாம் எடுத்து வச்சுண்டு, எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி இருபது வருஷம் படிச்சேன். கதையில கண்ணு போன ராஜா கோயில் வாசலுக்கு வந்துட்டான். அதுக்குள்ள எனக்கு நின்னுடுத்து. பன்னண்டு வருஷம் ஆறது, அப்புறம் ஒருநாள்கூட லீவு கிடைக்கலை."