கை தொடாமல் ஓடிய பாசஞ்சர்

அருப்புக்கோட்டையிலிருந்து பாசஞ்சர் கிளம்பியது. யாரும் எதையும் தொடவில்லை.

சங்கரபாண்டியன் வீட்டு மாடி அறையில் நெருக்கியடித்து நின்ற தெருக்காரர்கள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். உள்ளங்கை நீளத்தில் ஒரு இன்ஜின், பின்னால் நாலு பெட்டி. கண்மாய்க் கரையோரம் வளைந்து, கருவேலங்காட்டைக் கடந்து, மேஜையின் நடுவில் இருந்த திருச்சுழியைப் பார்த்துப் போனது. எதிரே நரிக்குடியிலிருந்து ஒரு சரக்கு வண்டி. இருப்பதோ ஒற்றைத் தண்டவாளம்.

"ஏலே, மோதப் போகுதுடா!"

மோதவில்லை. திருச்சுழியில் தண்டவாளம் தானாக விலகியது. சரக்கு வண்டி ஒதுங்கி நின்று பாசஞ்சருக்கு வழிவிட்டது.

அறையே கை தட்டியது.

கம்ப்யூட்டர் முன்னால் ராம்குமார் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சங்கரபாண்டியனின் மச்சினன். பெங்களூரில் வேலை. தொண்ணூற்றாறு பொங்கல் லீவுக்கு வந்தவன், கம்ப்யூட்டரையும் கையோடு கொண்டுவந்து, மொத்த ரயிலையும் அதோடு இணைத்துவிட்டான்.

வரச்சொன்னது சங்கரபாண்டியன்தான். அதுதான் வயிற்றை இன்னும் எரித்தது.

போன பொங்கல்வரை இந்த மேஜைக்கு முன்னால் நின்றது அவன். பெயிண்ட் கடையைப் பூட்டிவிட்டு வந்து, வருஷக்கணக்கில் இழைத்து இழைத்துக் கட்டிய ரயில். சுவிட்சுகளை அவன் விரல் தட்டத் தட்ட, வண்டி நிற்கும், திரும்பும், ஊதும். ஊர் அவன் விரலைப் பார்க்கும். டவுனில் 'ரயில்காரர் வீடு' என்றால் பஸ்ஸில் வருகிற ஆள்கூட வழி சொல்வான்.

இன்று அவன் கைக்கு வேலை இல்லை. வைக்க இடம் தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டான்.

"ஒன் தம்பிக்குத் தலை பூராவும் மூளை சௌந்தரம்!" என்றாள் எதிர்வீட்டு கோகிலாம்பாள். சுண்டல் தட்டோடு நின்ற சங்கரபாண்டியனின் மனைவி சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை அவனால் தாங்க முடியவில்லை.

பொம்மை ஸ்டேஷன்களின் விளக்கு பளிச்சென்று தெரியட்டும் என்று ராம்குமார் அறை விளக்கை அணைக்கச் சொன்னான். யாரோ அணைத்தார்கள். 'ஆ' என்று ஒரு சத்தம் எழுந்தது.

சங்கரபாண்டியன் சுவரை ஒட்டி நழுவினான்.

ஒரே ஒரு கம்பி போதும். திருச்சுழிக்கு வண்டி வந்து சேர்ந்த சேதியைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோகிற கம்பி. சேதி வராவிட்டால் எல்லா வண்டியும் நின்றுவிடும். ராம்குமார் திணறுவான். கடைசியில் தன்னைத்தான் கூப்பிட்டாக வேண்டும்.

மேஜையைச் சுற்றித் தொங்கிய துணியை, பின்பக்கமாகத் தூக்கினான். தவழ்ந்து உள்ளே போனான்.

பலகை இடுக்கு வழியாகக் கசிந்த வெளிச்சத்தில் கம்பிகள் கொத்துக் கொத்தாகத் தெரிந்தன. கையை நீட்டினான்.

அந்தக் கம்பியின்மேல் ஏற்கெனவே ஒரு கை இருந்தது. வளையல் போட்ட கை.

அவன் பார்க்கப் பார்க்க, கை கம்பியை உருவியது.

தலைக்கு மேல் சக்கரச் சத்தம் நின்றது. "என்னாச்சு, என்னாச்சு" என்று காலடிகள் நெருங்கின. ராம்குமார் படபடவென்று கீபோர்டைத் தட்டினான்.

சௌந்தரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அவனைக் கண்டு பதறவில்லை.

அவன் அவள் பக்கம் நகர்ந்தான். தன் முகம் வாடியதை இவள் பார்த்திருக்கிறாள். தனக்காகக் கூடப்பிறந்தவனையே தலைகுனிய வைக்கத் துணிந்திருக்கிறாள்.

"எனக்காகவா சௌந்தரம்?" கிசுகிசுத்தான்.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒங்களுக்காகவா? குனிஞ்சா முதுகு பிடிக்குதுன்னு நீங்க மேல நின்னுக்கிட்டீக. இந்த இருட்டுல மல்லாந்து கெடந்து, மூஞ்சில ஈயம் தெறிக்கத் தெறிக்க இத்தனை கம்பியவும் பத்த வச்சது யாரு? ஒரு வருசமாச்சும் ஒருத்தர்கிட்டயாச்சும் சொன்னீகளா? இப்ப அவன் பேரு. அதுக்கு முன்ன ஒங்க பேரு."

அவள் கன்னத்தில், காதுக்குக் கீழே, சின்னதாக ஒரு பழைய தீத்தழும்பு. அடுப்படியில் பட்டது என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அவனும் அப்படித்தான் சொல்வான்.

மேலே ராம்குமாரின் குரல் கம்மியிருந்தது. "அத்தான்! எங்க இருக்கீக? ஒண்ணும் பிடிபட மாட்டேங்குது. நீங்க வந்தாத்தான் ஆகும்."

சாயங்காலம் முழுக்க அவன் காத்துக்கிடந்த வார்த்தை.

சௌந்தரம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாரேன் மாப்ள," என்றான் சங்கரபாண்டியன்.

பின்பக்கமாகத் தவழ்ந்து வெளியே வந்து, வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டான். யாரோ விளக்கைப் போட்டார்கள். கூட்டம் விலகி வழிவிட்டது. ராம்குமாரின் நெற்றி முழுக்க வேர்வை. சங்கரபாண்டியன் திருச்சுழி ஸ்டேஷன் பக்கம் போய், குனிந்து, தண்டவாளத்தைச் சும்மா ஒரு விரலால் தடவினான். மேற்கொண்டு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

பலகைக்குக் கீழே மெல்ல ஒரு சத்தம் கேட்டது.

பாசஞ்சர் அசைந்தது. ஊதியது. நரிக்குடியைப் பார்த்துக் கிளம்பியது.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. "என்னதான் கம்ப்யூட்டர் வந்தாலும் எங்க அத்தான் கை பட்டாத்தான் ஓடும்," என்று ராம்குமார் அவன் தோளைப் பிடித்துக்கொண்டான். ஜனம் மறுபடி அவன் விரலைப் பார்த்தது.

"அக்கா எங்க அத்தான்? கூப்பிடுங்க, அவளும் பாக்கட்டும்."

மேஜைத் துணி அசையவில்லை.

"அடுப்படில வேலையா இருப்பா," என்றான் சங்கரபாண்டியன்.