கோடு முடியும் வரை

ஊர் ஊராகப் போய்க் கண்காட்சி நடத்தும் அந்தக் கலைக்குழுவில், ஓவியக்காரி காலில் சக்கரம் கட்டியவள் என்று பெயர் வாங்கியிருந்தாள். சாப்பிடுவதுகூட நடந்துகொண்டேதான். அதனால்தான் நிழல் வரையும் வேலை அவள் தலையில் விழுந்தது. ஒவ்வொரு ஊரிலும் விளக்குக்கும் வெள்ளைத் துணிக்கும் நடுவே பாட்டுக்காரியும் நடனக்காரனும் உள்ளூர்க் கலைஞர்களும் ஆடாமல் அசையாமல் நிற்பார்கள். அவள் துணிக்குப் பின்னால் இருந்துகொண்டு, தெரியும் நிழல்களைச் சுற்றிக் கரிக்கோடு இழுப்பாள். துணி அந்த ஊரிலேயே தங்கிவிடும். குழு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடும்.

"எல்லாத் துணியிலயும் நாங்க இருக்கோம், நீதான் இல்ல," என்றாள் பாட்டுக்காரி, இந்த ஊர் வேலை முடிந்ததும்.

"நின்னாத்தானே இருக்கறதுக்கு? நீங்க போய் வேன்ல ஏறுங்க, நான் விளக்க அணைச்சிட்டு வந்துடறேன்."

கூடம் காலியானது. சுவிட்ச் எதிர்ச் சுவரில் இருந்தது. அவள் துணியின் முன்னால் குறுக்கே நடந்தாள். அவள் நிழல் துணியில் விழுந்தது.

துணிக்குப் பின்னால் கரி உரசும் சத்தம் கேட்டது. அவள் பாதத்தின் நிழலை ஒட்டி ஒரு கோடு மேலேறியது.

"யாரது?"

"அசையாதீங்க, கோடு இன்னும் முடியல."

ஊர் ஊராக அவள் சொல்லிச் சொல்லிப் புளித்துப்போன பேச்சு அது. குரலும் அவளுடையதுதான். கால்கள் பரபரத்தன, ஆனால் நகரவில்லை. கோடு முழங்காலைத் தாண்டித் தோளைச் சுற்றி, மறு பாதத்தில் வந்து முடிந்தது.

அவள் கால்கள் இன்னும் துணியின் முன்னாலேயே நின்றன. வெளியே டிரைவர் கேட்டார்: "எல்லாரும் ஏறியாச்சா?"

வேனுக்குள்ளிருந்து அவளுடைய அதே குரல் சொன்னது: "ஏறியாச்சு, எடுங்க."