காரீயமலை ஏற்றம்

கடைசி ஏற்றத்தில், ரயில் நிலையத்தின் ஓட்டுக்கூரை தெரிந்ததும், வல்லிநாயகம் பிள்ளை சைக்கிளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

சைக்கிள் மேல் மனிதன் போவதுதான் உலக வழக்கம். அறுபத்திரண்டு வயதில் பிள்ளைவாள் அதை மாற்றிக் காட்டினார்.

பந்தயம் அப்படி.

தென்காசியிலிருந்து மலை தாண்டி, காரீயமலை வரை மிதித்தே வரவேண்டும். இறங்கித் தள்ளக் கூடாது. ஜெயித்தால், கூட்டாளி தாணுமாலயன் பிள்ளை திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷனுக்குச் சம்மதிப்பார். தோற்றால் வல்லிநாயகத்தின் மீசை போகும். ஆஸ்பத்திரி என்ற பேச்சையே அவர் அப்புறம் எடுக்கக் கூடாது.

மீசை வளர்ந்துவிடும். கண் வளராது.

தாணுமாலயனுக்கு இரண்டு கண்ணிலும் புரை. சாரல் காலம் முடிவதற்குள் அறுக்காவிட்டால் பிறகு கத்திக்கு வேலையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். தாணுமாலயன் டாக்டரை விட்டுவிட்டுக் குற்றாலத்து அருவியில் தலையைக் கொடுத்துப் பார்த்தார். அருவிக்குத் தெரியாத வைத்தியமா? நன்றாக ஜலதோஷம் பிடித்தது.

அந்த ஜலதோஷத்தோடுதான் போன வாரம் அருவிக்கரையில் சவால் விட்டார்.

"காரீயமலைக்கு சைக்கிள்ல வா பாப்போம். பொறவு நான் வாரேன், உன் ஆஸ்பத்திரிக்கு."

ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி பென்சிலுக்காகக் காரீயம் தோண்டிய ஊர் அது. தோண்டியது தீர்ந்ததும், மலையில் பெரிய ஓட்டை ஒன்றையும் அடிவாரத்தில் சின்ன ரயில் நிலையம் ஒன்றையும் நினைவுச்சின்னமாக விட்டுவிட்டுக் கப்பலேறியது. துரை பங்களாவில் இப்போது ஆடுகள் குடித்தனம். வாலிபத்தில் அங்கே குமாஸ்தாவாக இருந்த தாணுமாலயனுக்கு அந்த ஏற்றம் நன்றாகத் தெரியும். கழுதையே நின்று யோசிக்கும் ஏற்றம்.

பந்தயத்துக்கு நடுவர்? தாணுமாலயனேதான். பகலா இரவா என்று மட்டும் தெரிகிற நடுவர்.

அவர் முன்னதாக ரயிலில் போய் காரீயமலை நிலைய வாசலில் காத்திருப்பதாக ஏற்பாடு. அரை நாள் பயணத்துக்குப் படுக்கைச் சுருட்டு, கூஜா, துணிப்பை என்று கைலாசத்துக்கே போகிறவர் மாதிரி கிளம்பினார். மனைவி வடிவாம்பாள் அவரைப் பெட்டியில் ஏற்றி ரயில் கார்டிடம் ஒப்படைத்தாள்.

"கண்ணுதான் போச்சு, காது இருக்குலே," என்றார் ஜன்னல் வழியாக, வழியனுப்ப வந்த வல்லிநாயகத்திடம். "தள்ளிட்டு வந்தேன்னா பின்சக்கரம் டிக்டிக்குன்னு காட்டிக் குடுத்துரும்."

வாஸ்தவம். ஏற்றத்தில் மிதித்தால் பின்சக்கரம் வாயே திறக்காது. தள்ளினால் ஊரைக் கூட்டிவிடும்.

வல்லிநாயகம் கிளம்பும்போதே ஒரு புத்திசாலித்தனம் செய்தார். உடம்பு லேசாகட்டும் என்று உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துக் குளித்தார். லேசாயிற்று. சீட்டில் உட்கார்ந்தால் வழுக்கும் அளவுக்கு.

செங்கோட்டைக்கு முன்னால் திருவாங்கூர் சுங்கச்சாவடிக் காவலர், நனைந்த கோழி போல வந்த மனிதரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இங்கன ரயில் ஓடுது, தெரியும்லா?"

புளியரையில் மூச்சு வாங்கியது. ஆரியங்காவில் மூச்சு வாங்கவும் தெம்பில்லை. ஆனாலும் மனிதர் இறங்கவில்லை. அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இறங்கியது இந்தக் கடைசி ஏற்றத்தில்தான். கால் இரண்டும் ஒரே நேரத்தில் ராஜினாமா செய்தன.

தள்ளினால் டிக்டிக். நின்றால் கூட்டாளிக்குக் கண் இல்லை.

தூக்கினார்.

சீமை இரும்பு. குறுக்குக் கம்பி தோளில் இறங்கியது. மிதிக்கட்டை விலாவைக் குத்தியது. மழையில் ஊறிய காரீய மண், காலடியில் கறுப்பு வெண்ணெயாக வழுக்கியது. பின்சக்கரம் சுழன்று ஏதாவது பேசிவிடப் போகிறதே என்று அதை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

நிலைய வாசலில், படுக்கைச் சுருட்டின் மேல் தாணுமாலயன் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்.

கொஞ்சம் தள்ளியே வல்லிநாயகம் சைக்கிளைக் கீழே வைத்தார், தூங்குகிற பிள்ளையை இறக்குவது போல. ஏறி உட்கார்ந்து ஒரே ஒரு மிதி. மணியை அடித்தார்.

"மிதிச்சே வந்துட்டேம்லே."

தாணுமாலயன் குரல் வந்த பக்கம் காதைத் திருப்பினார்.

"சைக்கிளுக்கு எப்பலே செருப்பு வாங்கிப் போட்டே?"

வல்லிநாயகம் குனிந்து பார்த்தார். நனைந்த தோல் செருப்பு. ஏற்றம் முழுக்கச் சளக் சளக் என்று முரசடித்துக்கொண்டே வந்திருக்கிறது. சக்கரத்தின் வாயைப் பொத்திய மூளைக்குக் கால் ஞாபகம் வரவில்லை.

மீசையைத் தடவிக்கொள்ளத் தோன்றவில்லை. எதிரே, அவரைத் தவறவிட்டு எங்கோ பார்த்துக்கொண்டிருந்த அந்த வெளுத்த கண்களையே பார்த்தார்.

தாணுமாலயன் எழுந்து கையை நீட்டித் துழாவினார். தோள் கிடைத்தது. செயின் எண்ணெய்ப் பிசுக்கு கிடைத்தது. கம்பி பதிந்த பள்ளம் கிடைத்தது. விரல்கள் அங்கேயே நின்றன.

பிறகு மடியை அவிழ்த்து இரண்டு ரயில் டிக்கெட்டுகளை எடுத்து நீட்டினார்.

வல்லிநாயகம் படித்தார். தென்காசியிலிருந்து திருவனந்தபுரம். இரண்டாவதிலும் அதுவேதான்.

காலையிலேயே எடுத்தவை. படுக்கைச் சுருட்டையும் கூஜாவையும் துணிப்பையையும் அவர் இப்போதுதான் சரியாகப் பார்த்தார்.

"பொறவு என்னை எதுக்குலே இந்த மலை ஏறவிட்டே?"

"கத்தின்னதும் பயமா இருந்துச்சு," என்றார் தாணுமாலயன். "ஒத்தையில பயப்படுததுக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. உனக்கும் கொஞ்சம் இருக்கட்டுமேன்னுதான்."