காலை எடுத்தா தேங்குது

“பிரேக்கைத் தொடவே இல்லண்ணே! சத்தியமா தொடல!”

மெக்கானிக் ஜாக்கியில் நின்ற காரின் முன்சக்கரத்தை ஒரு தட்டு தட்டினார். அது நிற்க மனமில்லாததுபோல் சுற்றிக்கொண்டே இருந்தது.

“நீயே பாரு தங்கச்சி. எங்கயும் பிடிக்கல. டயர்ல காத்தும் சரியா இருக்கு. இந்த வாரத்துல மூணாவது தடவை கழட்டி மாட்டியாச்சு.”

“இருபதுல போகும்போது ஆக்ஸிலேட்டர்லேர்ந்து காலை எடுத்தா, பின்னால யாரோ கயிறு கட்டி இழுக்குற மாதிரி தேங்குதுண்ணே. பின்னால வர்றவன் ஹாரன் அடிச்சே உயிரை எடுக்குறான்.”

“காலை எடுத்தா இன்ஜினே கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். சின்ன கியர்ல அது நல்லாவே தெரியும். ஆனா நீ சொல்ற அளவுக்கு இருக்காது. காலையில நான் தனியா ஒரு ரவுண்டு போனேன், வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டுப் போச்சு.”

“அப்போ எனக்குத்தான் ஓட்டத் தெரியலையா?”

மெக்கானிக் கையைத் துடைத்தார். அவளுக்கு நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் வரும் வேலை கிடைத்திருந்தது. சொந்த வண்டி வேண்டும், சீராக ஓட்ட வேண்டும். சேருகிறாளா இல்லையா என்று ஐந்து மணிக்குள் சொல்லியாக வேண்டும். இப்போது மணி நாலு.

பெஞ்சில் அப்பா பேப்பரை விரித்துப் பிடித்து உட்கார்ந்திருந்தார். டிரைவிங் ஸ்கூல்காரர் கடையை மூடும்போது விற்ற இந்தக் காரை, வாங்கினால் இதைத்தான் வாங்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவர் அவர்தான். இப்போது வாயே திறக்கவில்லை.

அது ஒன்றுதான் அவளுக்கு ஆறுதல். சித்தியின் காரில் ஓட்டிப் பழகியபோது, “மெதுவா… பாத்து… ஐயோ, பஸ்ஸு!” என்று வழியெல்லாம் அலறுவார். ஒருநாள் பொறுக்க முடியாமல், “இனிமே வாயைத் திறந்தீங்க, நடுரோட்டுல இறக்கி விட்டுருவேன்!” என்று கத்திவிட்டாள். அதிலிருந்து மனிதர் கப்சிப்.

“எப்பவும் ஓட்டுற மாதிரியே ஒரு ரவுண்டு ஓட்டு. நான் ஸ்கூட்டர்ல பின்னாடியே வர்றேன்” என்றார் மெக்கானிக்.

அப்பா வழக்கம்போல் அவள் பக்கத்துச் சீட்டில் ஏறி, பேப்பரை மடியில் விரித்துக்கொண்டார். சந்து திரும்பியதும் அவள் காலை எடுத்தாள். கார் தேங்கியது. பின்னால் ஸ்கூட்டர் கிறீச்சிட்டது.

மெக்கானிக் இறங்கி ஓடிவந்தார். “ஏம்மா, பிரேக் லைட்டு பளிச்சுனு எரியுது! மிதிச்சுட்டு மிதிக்கலங்கிறியே!”

“மிதிக்கலண்ணே! கால் ரெண்டும் இந்தா, தரையில இருக்கு!”

“ஒரு வாரமா என் தலையைப் பிச்சுக்க வெச்சுட்டியே தாயே!”

“எனக்கு இந்த வண்டியும் வேணாம், வேலையும் வேணாம்!” அவள் போனை எடுத்தாள். வரவில்லை என்று சொல்லிவிடலாம். எண்ணைத் தேடினாள்.

மெக்கானிக் மனமிரங்கினார். “இரு, இரு. கடைசியா ஒரு தடவை. நான் பக்கத்துல உக்காந்து பாக்குறேன். ஐயா, நீங்க கொஞ்சம் இறங்குங்க.”

“முட்டி வலிக்குது தம்பி. நான் இப்படியே இருக்கேனே.”

“அட, கைய குடுங்க!” மெக்கானிக் கதவைத் திறந்தார். பேப்பர் நழுவி விழுந்தது.

அப்பாவின் செருப்புக்குக் கீழே இன்னொரு பிரேக் பெடல் இருந்தது. பழகுகிறவர் தடுமாறினால் பக்கத்திலிருந்து மிதிக்க, டிரைவிங் ஸ்கூல்காரர் வைத்திருந்தது.

அவள் பெடலைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். கையிலிருந்த போனை மெல்ல மடியில் வைத்தாள்.

“அப்பா…!”

அவர் காலை எடுக்காமலே சொன்னார்:

“வாயைத்தானேம்மா திறக்கக் கூடாதுன்னே?”