மூன்றாவது வரிசை, நடு இருக்கை

மூன்றாவது வரிசை, நடு இருக்கை. அந்தப் பெண்ணின் முகத்தை மறைக்க வேண்டும்.

பிரிவுத் தலைவர் அவ்வளவுதான் சொன்னார். பேர் அவருக்கே தெரியாதாம். தனிப்பட்ட தகவல், மூச்சு விடக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. வீட்டு ஆள் ஒருவர் தேடிக்கொண்டிருக்கிறார், அவர் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று மட்டும் அந்தப் பெண் கேட்டிருக்கிறாளாம்.

பல்கலைக்கழக வகுப்புகளைப் படம் பிடித்து, யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்று இணையத்தில் போடுகிறோம். போடுவதற்கு முன்னால், எதையெல்லாம் காட்டக் கூடாதோ அதையெல்லாம் எடுப்பது என் வேலை. ஊர் ஊராக வளாகம் இருக்கிறது. இந்த வேலைக்கு மட்டும் நான் ஒருத்திதான்.

முதலில் காப்புரிமை. பேராசிரியர் திரையில் காட்டிய ஓவியத்துக்கு அனுமதி இல்லை. கறுப்புக் கட்டம் போட்டேன். நடுவில் ஒரு பாட்டு போட்டிருந்தார். அதன் ஒலியை எடுத்தேன். இப்போது மனிதர் வெறும் கட்டத்தைக் கைகாட்டி, இல்லாத பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பாவம்.

இதையும் உட்கார்ந்து பார்க்கிற ஒரே ஜீவன் என் கணவராகத்தான் இருக்கும். படிக்கிற வயதில் புத்தகத்தைத் தலைக்கு வைத்துத் தூங்கியவர். இப்போது சாயங்காலம் ஆனால் எங்கள் வகுப்புகளை ஒன்று விடாமல் பார்க்கிறார். வேதியியலோ சட்டமோ, எதுவானாலும் சரி. ஓய்வு பெற்றதும் உங்க வீட்டுக்காரருக்கு ஞானம் வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டில் கிண்டல் செய்வார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

பிறகு மூன்றாவது வரிசைக்கு வந்தேன்.

கை மவுஸின் மேல் அப்படியே நின்றது.

தண்ணீர் குடித்தேன்.

முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாள் போல. பேராசிரியர் ஏதோ சொல்ல, வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

முகத்தின் மேல் பிளர் போட்டேன். தலை திரும்பும்போது அது விலகும். ஒவ்வொரு இடமாக நிறுத்திக் கையால் சரிசெய்ய வேண்டும். செய்தேன்.

முகத்தோடு நிறுத்தவில்லை. இடது கையால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி மெதுவாக எழுதினாள். அந்தக் கையை மறைத்தேன். யோசிக்கும்போது பேனா மூடியைக் கடித்தாள். அதை மறைத்தேன். ஒரு சந்தேகம் கேட்டாள். குரலை எடுத்தேன். அவளை மட்டும் மறைத்தால் கண்ணை உறுத்தும் என்று, அக்கம்பக்கத்தில் இருந்த நாலைந்து பேரையும் சேர்த்து மறைத்தேன்.

தலைவர் வந்து பார்த்தார். முகம் மட்டும் போதுமே, எதற்கு இவ்வளவு என்றார்.

"பழகினவங்களுக்கு முகம் வேணாம் சார். கை போதும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். படம் பிடிக்கப்பட விரும்பாதவர்களுக்கென்றே கடைசி வரிசை இருக்கிறது, அங்கே கேமரா போகாது, வகுப்புக்கு வகுப்பு அறிவிக்கிறோம், இந்தப் பெண் அங்கே போய் உட்கார்ந்திருந்தால் நமக்கு இந்தத் தலைவலி உண்டா என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

வேலை முடிந்ததும் மூலப் பதிவை அழித்துவிட வேண்டும் என்பது விதி. முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறை பார்த்தேன். அழித்தேன். என் போனையும் கைப்பையையும் வீட்டில் கிளறாத நாள் கிடையாது. பிரதி எடுக்க முடியாது.

மறுநாள் சாயங்காலம் என் கணவர் அந்த வகுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பாடத்தை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. ஒலியை அடைத்துவிட்டு, மாணவர்கள் தெரிகிற இடமாக நிறுத்தி, வரிசை வரிசையாக விரல் வைத்துப் பார்ப்பார். வீட்டை விட்டுப் போன எங்கள் மகளை இந்த மாதிரி ஒரு வகுப்பில் கண்டதாக என் கொழுந்தன் சொன்ன நாளிலிருந்து இப்படித்தான்.

கிடைத்தால் காலை உடைத்து இழுத்துக்கொண்டு வருவாராம். வெறும் பேச்சு இல்லை. அவளுடைய வலது மணிக்கட்டை உடைத்தவர் அவர்தான்.

மூன்றாவது வரிசைக்கு வந்ததும் விரல் நின்றது.

"இது யாருடி?"

"தெரியலைங்க. பேரெல்லாம் எங்களுக்குச் சொல்ல மாட்டாங்க."

அதில் ஒன்றும் பொய்யில்லை. திரையைக் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனார். நான் சாப்பாட்டை எடுத்து வைத்தேன்.

அடுத்த வாரம் அதே பேராசிரியரின் வகுப்பு வந்தது. அதே பெண், அதே இடமாம். கடைசி வரிசை காலியாகக் கிடக்கிறது, இவளுக்கு என்ன பிடிவாதம் என்று தலைவருக்கு எரிச்சல்.

அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பதிவைத் திறந்தேன்.

வகுப்பு இன்னும் தொடங்கவில்லை. அவள் நிமிர்ந்து, நேராகக் கேமராவைப் பார்த்தாள். முகத்தை மறைக்கிறவள் முதலில் அதைப் பார்த்தாக வேண்டும். இந்த வேலையைப் பற்றிய என் புலம்பலைத் தினமும் கேட்டு வளர்ந்தவளுக்கு அது தெரியாதா?

பேனாவை எடுத்தாள். வலது கையில் பிடித்தாள். வகுப்பு முடிகிற வரை அந்தக் கையால்தான் எழுதினாள்.

கடைசி வரை பார்த்துவிட்டு, அதையும் மறைத்தேன்.